பிடிஎஃப் இருக்கும்போது அட்டை எதற்கு?

2015 அக்டோபர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இயங்கும் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு நூலகப் பட்டியல் அட்டைகளைக் கடைசி முறையாக அச்சிட்டது. 1971 முதல் அது அச்சிட்டு அனுப்பிய அட்டைகள் ஏறத்தாழ 190 கோடி. அந்தக் கடைசிக் கட்டு நியூயார்க் மாநிலத்திலுள்ள கன்கார்டியா கல்லூரி நூலகத்துக்குப் போனது. அட்டையின் காலம் முடிந்தது என்ற முடிவுக்கு வருவதற்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது.

நம் கல்லூரிகள் அந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டன. ஆராய்ச்சி நெறிமுறைகள் என்ற தாளில் குறிப்பட்டை தயாரித்தல் ஒரு தலைப்பாக இருக்கும். அட்டையின் அளவு என்ன, இடது மூலையில் எதை எழுத வேண்டும், வலது மூலையில் எதை எழுத வேண்டும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவார்கள். அதே மாணவர்கள் ஆய்வேட்டுக்கு உட்காரும்போது ஓர் அட்டையைக்கூடக் கையில் எடுப்பதில்லை. நெறியாளர்களும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான். புத்தகமெல்லாம் பிடிஎஃபாக இருக்கிறது, வேண்டிய சொல்லைத் தட்டினால் பக்கம் வந்து நிற்கிறது, வேண்டிய பத்தியை நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம், நூற்பட்டியலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இதற்கு மேல் அட்டையில் எழுதிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

இந்தப் பதில் நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அது தவறு. அட்டை எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையையே கணக்கில் எடுக்காமல் சொல்லப்படும் பதில் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வில் இரண்டு வகை அட்டைகள் உண்டு. ஒன்று நூல் விவர அட்டை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு இவ்வளவுதான் அதில் இருக்கும். ஓசிஎல்சி அச்சிட்டதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இந்த வேலையைக் கணினி மனிதரைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்கிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வெளிவந்த சொடேரோ போன்ற இலவச மென்பொருள் இருக்கும்போது நூற்பட்டியலைக் கையால் எழுதும்படி மாணவரை வற்புறுத்துகிற ஆசிரியர் அவருடைய நேரத்தைத் திருடுகிறார். சொல்லடைவுக்கும் இதே தீர்ப்புத்தான். தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் 1990களில் கணினியின் துணையோடு சங்க இலக்கியச் சொல்லடைவை வெளியிட்ட பிறகு, ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதையெல்லாம் அட்டையின் எதிரிகளுக்கு முழு மனதோடு விட்டுக்கொடுத்துவிடலாம்.

இரண்டாவது வகை, படித்ததிலிருந்து ஒரு செய்தியை மட்டும் எடுத்து, அது எங்கிருந்து வந்தது, யாருடைய வாசகம், எதற்காக எடுக்கப்பட்டது என்று எழுதும் குறிப்பட்டை. ஓசிஎல்சியின் அச்சு எந்திரம் நின்றதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தகவலைச் சேமிக்க வேறு வழி இல்லாத காலத்தின் கருவிதான் அட்டை, சேமிப்பு மலிந்துவிட்ட பிறகு அதற்கு வேலை இல்லை என்பது எதிர்த்தரப்பின் அடிப்படை வாதம். வரலாறு இதை மறுக்கிறது. சேமிப்பதுதான் நோக்கம் என்றால் தைத்த நோட்டுப்புத்தகமே போதும். அது விலை குறைவு, காற்றில் பறக்காது, தாள் தொலையாது. ஐரோப்பியப் புலமையுலகம் பல நூற்றாண்டுகள் அப்படிப்பட்ட குறிப்பேடுகளில்தான் எழுதிவைத்தது. அப்படியிருந்தும் சூரிக் நகரத்து மருத்துவரும் நூலியலாளருமான கான்ராட் கெஸ்னர் 1548இல், எழுதிய தாளைத் துண்டு துண்டாக நறுக்கி, வேண்டிய வரிசையில் அடுக்கும் முறையை விளக்கி எழுதினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் இலத்தீன், கிரேக்கம், எபிரேய மொழி நூல்களுக்கெல்லாம் ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டவர் அவர். நல்ல தாளை ஒருவர் கத்தரிக்கோலால் வெட்டுகிறார் என்றால், சேர்த்து வைப்பதைவிட இடம் மாற்றுவது அவருக்கு முக்கியமாகிவிட்டது என்றுதான் பொருள்.

இருநூறு ஆண்டுகள் கழித்துக் கார்ல் லின்னேயஸ் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இருசொற் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய அவர் வாழ்நாளின் பெரும்பகுதி நோட்டுகளிலும், இடையிடையே வெள்ளைத்தாள் வைத்துக் கட்டிய தன் சொந்த நூல்களிலும்தான் எழுதினார். உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் புதிய இனங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருந்த வரிசையைக் கலைத்தது. 1760களில் அவர் ஏறத்தாழ இன்றைய அட்டை அளவுள்ள தனித்தாள்களுக்கு மாறினார். அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை லண்டன் லின்னேயன் கழகத்தில் இன்றும் இருக்கின்றன. வகைப்பாட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஒருவருக்குத் தைத்த நோட்டு தடையாகிவிட்டது. அவர் தடையை நீக்கினார்.

இவர்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இதைச் சொன்னவர் பியாட்ரிஸ் வெப். லண்டன் பொருளியல் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர், கணவர் சிட்னி வெப்போடு சேர்ந்து பிரிட்டனின் தொழிற்சங்க வரலாற்றையும் உள்ளாட்சி வரலாற்றையும் எழுதியவர். 1926இல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் பின்னிணைப்பில் குறிப்பெடுக்கும் கலை பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். ஒரு தாளில் ஒரு செய்தி, அது நிகழ்ந்த காலமும் இடமும், வந்த மூலம். இவ்வளவுதான் விதி. பிறகு தாள்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்ப்பது, கலைத்து இட வரிசையில் அடுக்கிப் பார்ப்பது, மறுபடி கலைத்துக் காரண வரிசையில் அடுக்கிப் பார்ப்பது. அடுக்கி முடித்த பிறகு கண்டுபிடித்ததை எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. கண்டுபிடிப்பே இந்த அடுக்கலில்தான் நடக்கிறது என்றார். குறிப்பெடுப்பதை எழுத்தர் வேலையாகக் கருதுகிறவர்களுக்கு எதிராகவே அந்தப் பின்னிணைப்பு எழுதப்பட்டது. நூறு ஆண்டுகள் ஆகியும் அதே வாதத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

இது மாணவருடைய கட்டுரையில் எப்படி நடக்கும்? ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே பார்க்கலாம். முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் 1876-78 பெரும்பஞ்சத்தைப் பற்றி, தமிழ்நாட்டு மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் அந்தக் கொடுமையைப் பற்றி, இருபது பக்கக் கட்டுரை எழுதப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பஞ்ச வரலாறு கிடைக்கிறது. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கை கிடைக்கிறது. மைக் டேவிஸ் 2001இல் எழுதிய நூல் கிடைக்கிறது. சிவகங்கைச் சீமையின் பஞ்சத்தைப் பற்றி வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899இல் வெளிவந்த பஞ்சலட்சணத் திருமுக விலாசமும் கிடைக்கிறது. எல்லாமே கணினியில் இருக்கின்றன. தலைப்பும் இருக்கிறது. கேள்விதான் இல்லை.

அவர் படிக்கிறார், அட்டை எழுதுகிறார். ஓர் அட்டையில், வைஸ்ராய் லிட்டன் 1877 தொடக்கத்தில் மதராஸுக்கு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தது. இன்னொன்றில், மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அந்த அளவு உயிரைத் தாங்காது என்று எதிர்த்து, ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடியது. வேறொன்றில், மதராஸ் அரசு பின்னர் அந்த அளவை ஓரளவு கூட்டியது. மற்றொன்றில், 1877-78இல் நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டதும், ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்ததும். இவற்றுக்கு நடுவே, வேறொரு நூலில் போகிறபோக்கில் கண்ணில் பட்ட ஒரு செய்தியும் ஓர் அட்டையில் ஏறுகிறது: 1873-74இல் பிகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்து, பட்டினிச் சாவுகளை மிகவும் குறைத்து, அதற்காகவே அரசுப் பணத்தை வாரி இறைத்தவர் என்று கண்டனத்துக்கு ஆளானவரும் இதே டெம்பிள்தான்.

நோட்டில் எழுதியிருந்தால் பிகார்ச் செய்தி ஒன்பதாம் பக்கத்திலும் ஒரு பவுண்டு கூலி நாற்பதாம் பக்கத்திலும் கிடந்திருக்கும். படித்த வரிசையே எழுதும் வரிசையாகியிருக்கும். கட்டுரை டிக்பியின் சுருக்கமாக முடிந்திருக்கும். அட்டைகளை மேசையில் பரப்பி டெம்பிள் பெயருள்ளவற்றை மட்டும் ஒன்றாக்கும்போது மாணவி நிமிர்ந்து உட்காருகிறார். அதே அதிகாரி, மூன்று ஆண்டு இடைவெளி, இரண்டு நேரெதிரான கொள்கைகள். இடையில் என்ன நடந்தது? முந்தைய கண்டனம் அவரை மாற்றியதா, லிட்டனின் கட்டளையா, சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்ற அக்காலப் பொருளியல் நம்பிக்கையா? கார்னிஷ் போன்ற ஒரு மருத்துவ அதிகாரியின் எதிர்ப்பு மாகாண அரசை எந்த அளவுக்கு அசைத்தது? தாது வருஷப் பஞ்சம் என்ற தலைப்பு இப்போது ஓர் ஆய்வுக் கேள்வியாகிவிட்டது. அந்த நொடிக்காகத்தான் அட்டை.

தேடல் பெட்டி இதைக் கொடுத்திருக்குமா? டெம்பிள் என்று ஆங்கிலத்தில் தட்டினால் மாகாணத்தின் கோயில்கள் அத்தனையும் வந்து நிற்கும். அதைச் சலித்துவிடலாம், பெரிய சிக்கல் அதில் இல்லை. தேடல் பெட்டியில் ஒருவர் எழுதுவது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல், அதுதான் சிக்கல். பிகார் என்று தேட வேண்டும் என்பது, பிகார்ச் செய்தியைப் படித்து, இது எதற்கோ உதவும் என்று எடுத்து வைத்தவருக்குத்தான் தோன்றும்.

தமிழ் மூலங்களில் நிலைமை இன்னும் மோசம். மின்வடிவில் கிடைக்கும் பழைய தமிழ் நூல்களில் பெரும்பகுதி வெறும் படங்கள். எழுத்துணரி கொண்டு எழுத்தாக்கப்பட்டவற்றில் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறந்தாலே கட்டங்களும் கிறுக்கல்களும்தான் தெரியும். இத்தனையும் சரியாக இருந்தாலும் நம் மொழியின் இயல்பு ஒன்று இருக்கிறது. பஞ்சம் என்று தேடினால் பஞ்சத்தால், பஞ்சத்துக்கு என்று வேற்றுமை ஏற்ற வடிவங்கள் சிக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் சொற்கள் புணர்ந்து ஒட்டிக்கொண்டு கிடக்கும். எழுதியவர் பஞ்சம் என்று எழுதாமல் வற்கடம் என்றோ கருப்பு என்றோ எழுதியிருக்கலாம். 1877 என்று எழுதாமல் ஈசுவர வருஷம் என்று எழுதியிருக்கலாம். படித்த கண் இவை எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கொண்டுவந்து சேர்க்கும். எந்திரத் தேடல் சேர்க்காது. ஆங்கில நூல்களை வைத்துப் பழகியவர்கள் சொல்லும் தேடல் வசதியை அப்படியே நம்பித் தமிழ் மாணவர் ஆய்வில் இறங்கினால், மூலத்தில் இருப்பதில் பாதி அவர் கண்ணுக்கே வராது.

தேடி ஒட்டும் பழக்கம் மாணவர் எழுத்தை என்ன செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ரெபேக்கா மூர் ஹவர்டும் சாண்ட்ரா ஜேமிசனும் தலைமையேற்ற ஓர் ஆய்வுத் திட்டம், அமெரிக்காவின் 16 கல்லூரிகளைச் சேர்ந்த 174 மாணவர் கட்டுரைகளை எடுத்து, அவற்றிலிருந்த 1,911 மேற்கோள் குறிப்புகளை மூல நூல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. ஏறத்தாழ பாதிக் குறிப்புகள் மூலத்தின் முதல் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்று பக்கங்களைத் தாண்டிப் போனவை நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒரு நூலின் வாதத்தைத் தன் சொற்களில் சுருக்கிச் சொன்ன இடங்கள் நூற்றுக்கு ஆறு அளவே. மாணவர்கள் நூல்களிலிருந்து எழுதவில்லை, வாக்கியங்களிலிருந்து எழுதினார்கள். இவர்கள் நேர்மையற்றவர்கள் அல்லர். பெரும்பாலும் முறையாக மூலத்தைக் குறிப்பிட்டவர்களே. படிப்புக்கும் எழுத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய ஒரு கட்டம் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்குவது அட்டையின் சிறுமை. மூன்றுக்கு ஐந்து அங்குலத்தில் ஒரு பத்தியை அப்படியே நிரப்ப முடியாது. எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். விடுவதற்குப் புரிந்திருக்க வேண்டும். தலைப்புக் கொடுக்க வேண்டும். தலைப்புக் கொடுப்பது என்பது இந்தச் செய்தி என் வாதத்தில் எங்கே உட்காரும் என்று ஒரு கணமாவது யோசிப்பது. நகலெடுத்து ஒட்டும் கைக்கு இந்த மூன்று முடிவுகளில் ஒன்றும் தேவைப்படுவதில்லை. முந்நூறு பத்திகளை ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருக்கும் மாணவர், படிக்க வேண்டியதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கிறார். படிப்பு இனிமேல்தான் தொடங்க வேண்டும், சமர்ப்பிக்கும் நாளோ நெருங்கிவிட்டது.

இந்த இடத்தில் அட்டைக்கு ஆதரவாகப் பேசுவோரில் ஒரு சாராரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. கையால் எழுதினால் மூளையில் பதியும், தட்டச்சு செய்தால் பதியாது என்று அவர்கள் பிரசாரம் செய்கிறார்கள். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு எங்கும் மேற்கோளாகிறது. ஆனால் 2019இலும் 2021இலும் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆட்டங்காணும் சான்றின் மேல் நல்ல வழக்கை நிறுத்தக் கூடாது. அட்டையின் வலிமை பேனாவில் இல்லை. தேர்வு, தலைப்பு, மூலம், இடமாற்றம் என்ற கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டைக் கணினியில் கடைப்பிடிக்க முடிந்தால் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம். அமெரிக்கக் கட்டுரையாளர் ஜான் மெக்ஃபீ தன் குறிப்புகளைத் தட்டச்சு செய்து, கத்தரிக்கோலால் நறுக்கி, அட்டைகளைப் பலகையில் இடம் மாற்றி மாற்றிக் கட்டுரையின் உருவத்தைக் கண்டவர். 1980களில் அவர் கணினிக்கு மாறியபோது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து நிரலாளர் ஒருவர் அவருக்காக எழுதிக்கொடுத்த நிரல்கள் செய்த வேலை, கத்தரிக்கோல் செய்த அதே வேலை. கருவி மாறியது, முறை மாறவில்லை. நம் மாணவர்களிடம் நேர்ந்திருப்பது தலைகீழ்: கருவி வந்தது, முறை போய்விட்டது.

அட்டை இல்லாமையின் விலையை மாணவர்கள் திருட்டுக் குற்றச்சாட்டாகவும் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டுக்கும் பிறர் எழுத்துக்கும் உள்ள ஒப்புமையை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை ஒரு படி, 60 வரை அடுத்தது, அதற்கு மேல் போனால் பதிவே ரத்தாகலாம். இதன் விளைவாக மாணவர்கள் கற்றுக்கொள்வது என்ன? சொற்களை மாற்றிப்போட்டு விழுக்காட்டைக் குறைக்கும் வித்தை. தன் கோப்பில் கிடக்கும் பத்தி தன்னுடையதா, நூலாசிரியருடையதா என்று மூன்று மாதம் கழித்து மாணவருக்கே தெரியாமல் போனதுதான் நோய். மென்பொருள் காட்டும் எண் அதன் அறிகுறி மட்டுமே.

இந்த நோய் பேரறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின் 1987இல் எழுதிய கென்னடி குடும்ப வரலாற்றில் வேறொருவருடைய வாக்கியங்கள் மேற்கோள்குறி இல்லாமல் இடம்பெற்றிருந்தது 2002இல் பெரும் சர்ச்சையானது. கையால் எடுத்த குறிப்புகளில் மூல வாசகத்தையும் தன் வாசகத்தையும் பிரித்துக் காட்டத் தவறியதே காரணம் என்று அவரே எழுதினார். கைக்குறிப்பின் ஆபத்துக்கு இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவர் சொன்ன தீர்வைக் கவனிக்க வேண்டும்: மூலப் பகுதிகளை ஓரிடத்திலும் தன் கருத்துகளைத் தனியாக இன்னோரிடத்திலும் வைப்பது. யாருடைய வாசகம் என்பதை ஒவ்வொரு அட்டையிலும் குறிக்க வேண்டும் என்ற பழைய விதி சொல்வதும் இதைத்தான். மேற்கோளுக்கு ஒரு நிற அட்டை, சுருக்கத்துக்கு ஒரு நிறம், சொந்த யோசனைக்கு ஒரு நிறம் என்று மாணவர் வைத்துக்கொண்டால் அவர் ஒப்புமை விழுக்காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அட்டைக்கு எதிரான வாதங்களில் வலுவானவையும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆக்டன் பிரபு வாழ்நாள் முழுவதும் சுதந்திரத்தின் வரலாற்றுக்காகக் குறிப்புகளைச் சேர்த்தார்; 1902இல் இறந்தபோது கேம்பிரிட்ஜுக்குக் கிடைத்தவை குறிப்புகள்தாம், வரலாறு எழுதப்படவே இல்லை. அனதோல் பிரான்ஸ் 1908இல் எழுதிய நாவலின் முன்னுரையில் ஓர் அறிஞர் தன் அட்டைகளின் வெள்ளத்திலேயே மூழ்கிப் போகிறார். அட்டைகள் தொலைவதும் உண்மை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே பெற்ற லட்சக்கணக்கான சீட்டுகளில் ஒரு சொல்லுக்கான கட்டு காணாமல் போனதால் அந்தச் சொல்லே முதல் பதிப்பில் விடுபட்டது. இவை உண்மையான ஆபத்துகள். ஆனால் இருபது பக்கக் கட்டுரை எழுதும் மாணவரை ஆக்டனின் நிலையில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது. அவரிடம் அறுபது, எழுபது அட்டைகள் இருக்கும். அவருக்குக் கெடு தேதி இருக்கிறது. மேசையில் பரப்பினால் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். தொலைந்துவிடும் என்ற அச்சத்துக்குக் கைப்பேசியில் ஒரு படம் போதும்.

நிக்லஸ் லூமனைக் காட்டிப் பயமுறுத்துவதும் இதே வகை. பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளரான அவர் ஏறத்தாழ 90,000 சீட்டுகளைச் சேர்த்தார், ஒவ்வொன்றுக்கும் கிளை எண் கொடுத்து ஒன்றோடொன்று இணைத்தார், அவற்றைக் கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். இன்று அவர் பெயரால் செயலிகளும் பயிற்சி வகுப்புகளும் விற்கப்படுகின்றன. இணைப்பு எண் எப்படிப் போடுவது, எந்தச் செயலி சிறந்தது என்றே பருவம் முழுவதையும் கழித்துவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். முதுகலை மாணவருக்கு லூமன் முன்மாதிரி அல்லர். உம்பர்த்தோ ஈக்கோ 1977இல் இத்தாலிய மாணவர்களுக்காக எழுதிய ஆய்வேட்டு வழிகாட்டியே பொருத்தமான முன்மாதிரி. வசதி இல்லாத, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற மாணவர்களை மனதில் வைத்து அவர் எழுதினார். மிக எளிய கருவிகளோடு ஓர் ஆய்வை முடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அதில் அட்டைகளுக்கு ஒதுக்கிய இடம் பெரிது. நம் அரசுக் கல்லூரி மாணவர்களின் நிலை அந்த இத்தாலிய மாணவர்களின் நிலைக்கு மிக அருகில் இருக்கிறது.

அட்டை என்றாலே சிலருக்கு ஏற்படும் வெறுப்புக்குப் பள்ளிகளும் பொறுப்பு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இத்தனை அட்டை என்று எண்ணிக்கை விதித்து, அதற்கு மதிப்பெண் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கட்டுரையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அட்டைகளை உருவாக்கிக் கொடுக்க மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். நம் பாடத்திட்டம் அட்டையின் மூலைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதும் இதற்கு இணையான கெடுதல். எண்ணிக்கையையும் வடிவத்தையும் மதிப்பிட்ட இடங்களிலெல்லாம் அட்டை செத்துப்போனது. அது கற்பித்தலில் நேர்ந்த பிழை. நீச்சலைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்துவிட்டு, தண்ணீரால் பயனில்லை என்று சொல்வதற்கில்லை.

கடைசியாக இன்று மிகப் பெரிதாக ஒலிக்கும் வாதம்: செயற்கை நுண்ணறிவுக் கருவி நூலைச் சுருக்கித் தந்துவிடும்போது மாணவர் எதற்குச் சுருக்க வேண்டும்? டிக்பியின் இரு தொகுதிகளை அது இரண்டு பக்கத்தில் தரக்கூடும். அந்த இரண்டு பக்கத்தில் எது நிற்க வேண்டும், எது உதிர வேண்டும் என்று முடிவு செய்தது யார்? பிகாரைப் பற்றிய போகிறபோக்கு வரி அங்கே தப்பியிருக்குமா? எல்லோருக்கும் முக்கியமாகத் தோன்றுவதே பொதுச் சுருக்கத்தில் நிற்கும். ஆய்வுக் கேள்வியோ, மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போன வரியில் ஒருவருக்கு ஐயம் எழும் இடத்தில் பிறக்கிறது. போதாக்குறைக்கு, இந்தக் கருவிகள் இல்லாத பக்க எண்களையும் இல்லாத நூல்களையும் நம்பகமான தோரணையில் எழுதித் தருவது உலகறிந்த செய்தி. அட்டையின் மூலையில் இருக்கும் பக்க எண், மாணவர் அந்தப் பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்தார் என்பதற்குச் சாட்சி.

நேரமில்லை என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அட்டைக்குப் பத்து நிமிடம் என்றால் அறுபது அட்டைக்குப் பத்து மணி நேரம். ஒரு பருவத்தில் பரவி நிற்கும் பத்து மணி நேரம் அது. அந்த நேரத்துக்கு ஈடாகக் கட்டுரையின் அமைப்பு, சொந்த வாசகத்தில் பாதிக் கட்டுரை, பிழையற்ற அடிக்குறிப்புகள் எல்லாம் எழுதத் தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிடுகின்றன.

துறைகள் இதற்காகப் புதிய பாடம் எதையும் வகுக்க வேண்டாம். குறிப்பட்டை பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடட்டும். பருவத்தின் நடுவில், ஓர் அத்தியாயம்கூட எழுதப்படாத நிலையில், மாணவர் தன் அட்டைகளோடு நெறியாளர் முன் உட்காரட்டும். தாள் அட்டையானாலும் மடிக்கணினியில் இருந்தாலும் சரி. நெறியாளர் எண்ண வேண்டியதில்லை. ஏதாவது ஓர் அட்டையை உருவி, இது யாருடைய வாசகம், இதை ஏன் எடுத்தாய் என்று கேட்கட்டும். பிறகு அட்டைகளைக் கலைத்து, வேறு வரிசையில் அடுக்கிக் காட்டச் சொல்லட்டும். ஒரு மாணவருக்கு அரைமணி நேரம் ஆகும். ஒப்புமை அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆய்வேட்டைத் திருப்பியனுப்பி, மாற்றி எழுதி வந்ததை மறுபடி சோதித்து, மறுபடி திருப்பியனுப்பும் இன்றைய நடைமுறை இதைவிட அதிக நேரத்தைத் தின்கிறது. அதில் மாணவருக்கு எதுவும் கற்பிக்கப்படுவதும் இல்லை.